கோப்பையைச் சாப்பிட்ட பள்ளிக்கூடம்

விஜயலக்ஷ்மி பொய் சொல்ல மாட்டாள். உண்மையைக் கொஞ்சம் நெய் விட்டுப் பரிமாறுவாள், அவ்வளவுதான். கொஞ்சம் என்றால் தோசைக்கு விடுகிற கொஞ்சம் இல்லை, மைசூர்பாகுக்கு விடுகிற கொஞ்சம்.

வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று அவள் கல்கத்தாவின் டாலிகஞ்ச் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து, பவானிபூரில் இருக்கும் தமிழ் மன்றத்தின் வாட்ஸ்அப் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நிம்மதியாகத் தூங்கியதில்லை. மற்றவர்கள் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் அனுப்பும் குழுவில் அவள் செய்தி அனுப்புவாள். எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்துச் செய்தி. கேனிங் தாண்டி, ஆறு தாண்டி, சேறு தாண்டி, உலகம் இத்தோடு முடிந்தது என்று மனிதன் முடிவு கட்டும் இடத்துக்கும் கொஞ்சம் அப்பால் ஹோகல்டாங்கா என்றொரு கிராமம் இருக்கிறது. அவளுடைய கடைசிப் போஸ்டிங் அங்கேதான். மூன்று வருஷம் அந்த ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியை ஷிப்ராவின் வீட்டு மாடியில் குடியிருந்தாள். ஷிப்ராவுக்கு அவள் ‘விஜயாதி’, அதாவது விஜயா அக்கா; பள்ளிப் பெண்களுக்கு ‘மாஷி’, சித்தி. ஊரைவிட்டு வந்தாலும் ஊர் அவளை விடவில்லை. ஞாயிறுதோறும் ஷிப்ரா போனில் நடந்ததைச் சொல்வாள். விஜயலக்ஷ்மி அதை அடுப்பில் ஏற்றி நெய் விடுவாள்.

‘ஹோகல்டாங்கா பள்ளித் தோட்டத்தில் விளைந்த பூசணிக்காயை வெளியே கொண்டுவரக் கேட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று.’

‘ஏழாம் வகுப்பு மாணவன் தலைகீழாகச் சொன்ன வாய்ப்பாட்டைக் கேட்டுக் கணக்கு ஆசிரியருக்கு இரண்டு நாள் ஜுரம்.’

‘பெண்கள் கோ-கோ அணி மறுபடியும் கோப்பை வென்றது. இனிக் கோப்பை வைக்கப் பள்ளியில் இடமில்லை. தலைமை ஆசிரியை பக்கவாட்டில் நடந்துதான் தன் நாற்காலிக்குப் போகிறார்.’

இந்தச் செய்திகளையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்து, ஒரு வரியும் நம்பாத மனிதர் ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார். நாகரத்தினம் அண்ணாச்சி. தணிக்கைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். திருநெல்வேலிக்காரர். பெண்டாட்டி போட்ட காபியைக்கூட இரண்டாவது ஆள் ருசி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் குடிப்பார் என்று பேச்சு.

"மேனேஜரம்மா சொல்லுததை நான் நாலால வகுத்துத்தான் கேப்பேன்," என்று மன்றத்தில் எல்லார் முன்னாலும் சொல்வார்.

"ஏனுங்க அண்ணாச்சி, நாலால வகுத்தாலும் மீதி நிக்குதுங்களே, அதைப் பாருங்க," என்பாள் விஜயலக்ஷ்மி.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது, மன்றத்தின் வைர விழா வரும் வரையில். விழாவுக்காகப் பள்ளிப் பெண்களுக்கான கோ-கோ போட்டி ஒன்று நடத்துவது என்று முடிவாயிற்று. ஜாதவ்பூர் மைதானம். எட்டு அணிகள். மாநில விளையாட்டு விடுதிக்கு ஆள் பொறுக்கும் பயிற்சியாளர் அம்மா ஒருவர் நேரில் வந்து உட்காரப்போகிறார். ஏழு அணிகள் முடிவாகி ஓர் இடம் மிச்சம் இருந்தது. அதற்கு இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று, முப்பது கோப்பைகளின் புகைப்படங்களோடு தலையணை கனத்தில் ஃபைல் அனுப்பியிருந்த நகரத்துப் பள்ளி. இன்னொன்று ஹோகல்டாங்கா. அதன் விண்ணப்பத்தை விஜயலக்ஷ்மியே பூர்த்தி செய்திருந்தாள். ‘வென்ற கோப்பைகள்: ஒன்பது.’ விண்ணப்பம் என்பதால் நெய்யைத் தொடவே இல்லை. ஷிப்ரா போனில் சொன்னது அத்தனையும் எண்ணிப் போட்ட எண்.

போட்டிக் குழுத் தலைவர் நாகரத்தினம் அண்ணாச்சி. விதிமுறை எழுதியவரும் அவரே. ‘கோப்பை அல்லது சான்றிதழின் புகைப்படம் இணைக்கப்பட வேண்டும்.’

"போட்டோ எங்க மேனேஜரம்மா?"

"அந்த ஊருல சிக்னலே தென்னை மரத்து மேல ஏறுனாத்தாங்க கிடைக்கும். போட்டோ எங்கே வரும்?"

"அப்ப நான் நேர்ல வந்து பாக்கேன். கோப்பை இருந்தா இடம் இருக்கு. இல்லேன்னா அந்த ஃபைல்காரங்களுக்குத்தான்."

"வாங்க, தாராளமா வாங்க. வரும்போது ஒரு கறுப்புக் கண்ணாடி கொண்டாந்துருங்க. அத்தனை கோப்பையும் வெயில்ல மின்னுனாக் கண்ணு கூசும்," என்றாள் விஜயலக்ஷ்மி.

தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தத் தைரியம் வாயோடு சரி. அணித் தலைவி ஜும்கி பத்தாம் வகுப்பு. ஹோகல்டாங்கா பள்ளி பத்தோடு முடிகிறது. அதற்கு மேல் படிக்க இரண்டு ஆறு கடக்க வேண்டும். அங்கே கட்டடம் இருக்கிறது, மைதானம் இல்லை. பயிற்சியாளர் அம்மா கண்ணில் இப்போது பட்டால் உண்டு. படாவிட்டால் அந்தப் பெண்ணின் ஓட்டம் இந்த வருஷத்தோடு சரி. போன வாரம் ஷிப்ராவின் போனைப் பிடுங்கி, "மாஷி, எங்களுக்கு இடம் கிடைச்சிடுமா?" என்று ஜும்கி கேட்டபோது, விஜயலக்ஷ்மி பழக்க தோஷத்தில், "கிடைச்சாச்சுன்னே வெச்சுக்கோ," என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட மாத்திரத்தில் ஊர் ஒரு படகையே பேசி முடித்துவிட்டது.

மார்கழிக் குளிரில் இருவரும் ஜாதவ்பூரில் கேனிங் லோக்கல் ஏறினார்கள். அண்ணாச்சி கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும்படி குரங்குக் குல்லாய் போட்டிருந்தார். ரயிலில் இருந்த கூட்டத்தில் அவர் கால் தரையில் பட்டது கேனிங்கில்தான். பிறகு ஒரு வேன், பிறகு ஒரு படகு, பிறகு முழங்கால் சேறு. ஹோகல்டாங்காவுக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய ஒரு செருப்பு வங்கக் கடலை நோக்கித் தனியாகப் பயணம் போயிருந்தது.

பள்ளி வாசலில் ஷிப்ராவும் ஒன்பது பெண்களும் நின்றிருந்தார்கள். ஜும்கி குச்சிபோல ஒல்லியாக இருந்தாள். நின்ற இடத்தில் நிற்க மாட்டாள். பேசும்போதுகூட ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள்.

டீயைக்கூட மறுத்துவிட்டு அண்ணாச்சி நேரே தலைமை ஆசிரியையின் அறைக்குள் போனார். ஒரே ஒரு அலமாரி. கதவைத் திறந்தார். உள்ளே சாக்குக்கட்டி இருந்தது. முதலுதவிப் பெட்டி இருந்தது. கீழ்த்தட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது அண்ணாச்சியைப் பார்த்து, கதவைச் சாத்து என்பதுபோல ஒரு சத்தம் கொடுத்தது.

"கோப்பையெல்லாம் எங்கம்மா?" என்று வங்க மொழியில் கேட்டார். அவருடைய வங்க மொழி கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டிபோல விறைப்பாக இருக்கும்.

ஷிப்ரா அவரைப் பார்க்கவில்லை. விஜயலக்ஷ்மியைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"விஜயாதி, கோவிச்சுக்காதே. அதையெல்லாம் சாப்பிட்டுட்டோம்."

அறையில் கோழி மட்டும் அசைந்தது.

"எதை சாப்பிட்டீங்க?" என்றாள் விஜயலக்ஷ்மி.

"ப்ரைஸை. இந்தப் பக்கத்துப் போட்டியில யாரும் கோப்பை தர்றதில்லையே. ஜெயிச்சவங்களுக்கு ஆடு. சின்னப் போட்டின்னா சேவல். ஜெயிச்ச அன்னைக்கே ஊருக்கே சமையல்."

"எங்கிட்ட ஒரு தடவைகூட ஆடுன்னு சொல்லலையே நீ?"

"எப்படிச் சொல்லுவேன்? மூணு வருஷம் என் வீட்டு மாடியில வெங்காயம்கூட வதக்காம இருந்தவ நீ. உன் காதுல ஆடுன்னு போட்டு உன் மனசைக் கஷ்டப்படுத்துவானேன்னு, ‘ப்ரைஸ் வந்தது’ன்னு மட்டும் சொல்லிட்டே வந்தேன். நீயும் சந்தோஷமா, ‘பத்திரமா வெச்சுக்கோ’ன்னு சொல்லுவே."

விஜயலக்ஷ்மி பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் அவள் மனசுக்குள் துடைத்துத் துடைத்து வைத்திருந்த பளபளக்கும் கோப்பைகள் ஒவ்வொன்றாகக் கொம்பு முளைத்து, நாலு கால் முளைத்து, மே என்று கத்திக்கொண்டு வரிசையாக வெளியேறின.

அண்ணாச்சியின் நிலைமை இன்னும் மோசம். சாம்பாரில் முருங்கைக்காயைக் கண்டால்கூட எலும்பு மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கி வைக்கிற சைவம் அவர். குல்லாயைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மேனேஜரம்மா, ஆதாரம் வயித்துக்குள்ள போயிட்டுன்னா அது ஆதாரம் இல்ல. நான் என்ன செய்ய முடியும்?"

அவர் தமிழில்தான் சொன்னார். ஆனால் வாசலில் நின்ற ஜும்கிக்கு அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுவதை நிறுத்திவிட்டாள். விஜயலக்ஷ்மி அதைப் பார்த்தாள். கிடைச்சாச்சுன்னே வெச்சுக்கோ என்று சொன்ன வாயை அந்த இடத்திலேயே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜும்கிதான் பேசினாள்.

"தாத்தா, ஆடு இல்லாட்டா என்ன? சாப்பிட்டவங்க இருக்காங்களே. அவங்களைக் கேளுங்க."

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷமாக ஊறிய ஏதோ ஒன்று அவருக்குள் எழுந்து உட்கார்ந்தது.

"தனித்தனியாத்தான் கேப்பேன்," என்றார். "ஒருத்தர் சொல்லுதது இன்னொருத்தர் காதுல விழக் கூடாது. யாரும் யாருக்கும் ஜாடை காட்டக் கூடாது."

இப்படியாக, சைவப் பிள்ளைமார் வரலாற்றிலேயே முதல் ஆட்டு விசாரணை ஏழாம் வகுப்பு அறையில் தொடங்கியது. சேதி பரவி ஊரே வந்து நின்றது. படிக்காத ஆடு மாடுகளும் வந்தன. அண்ணாச்சி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராக உள்ளே விட்டார். விஜயலக்ஷ்மி ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாள்.

முதலில் படகோட்டி.

"கோசாபாங்குத ஊர்ல ஜெயிச்சீங்களாமே, அந்த... பிராணி... என்ன நிறம்?"

"கறுப்பு, பாபு. நெத்தியில வெள்ளை. என் படகுலதான் ஏத்தினோம். என் லுங்கியில பாதியைத் தின்னுட்டுது."

அடுத்தது தையல்காரர். அதே கேள்வி.

"கறுப்பு. நெத்தியில வெள்ளை. குழம்புல உப்புக் கம்மி."

"சமையலை நான் கேக்கலை," என்றார் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு.

ஆனால் கேட்காமலே எல்லாரும் சமையலைச் சொன்னார்கள். அந்த ஊருக்கு ஞாபகம் என்பது நாக்கில்தான் இருந்தது. எந்தப் போட்டி, எந்த ஆடு, எத்தனை பேருக்குப் போதாமல் போயிற்று, யார் இரண்டாவது தடவை இலை போட்டார் என்பதெல்லாம் மழைபோலக் கொட்டியது. எல்லாம் பொருந்தியது. அதுதான் அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை.

"ரொம்பப் பொருந்துது," என்று ஜன்னல் பக்கம் வந்து முணுமுணுத்தார். "எல்லாருக்கும் இந்தப் பிள்ளைய அனுப்பணும்னு ஆசை. ஆசை இருக்கவன் சாட்சி முக்கால் சாட்சிதான். இவளுக்கு ஆகாதவங்க யாராவது எனக்கு வேணும்."

அப்போதுதான் டுக்டுகியின் அம்மா உள்ளே நுழைந்தாள். டுக்டுகியும் அணியில் ஆடுகிற பெண்தான். அவளுடைய அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இந்த நாளுக்காகவே காத்திருந்தவள் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஜெயிச்சதைப் பத்தித்தானே கேக்கறீங்க? நான் ஈரலைப் பத்திச் சொல்றேன்."

அண்ணாச்சி மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல ஒரு சட்டம் வெச்சிருக்காங்க பாபு. கடைசி வரைக்கும் எவ தொடுபடாம ஓடறாளோ, அவ வீட்டுக்குத்தான் ஈரல். கோசாபாவுல ஜெயிச்சாங்க. ஈரல் யாருக்கு? ஜும்கிக்கு. காளி பூஜைப் போட்டி. ஜும்கிக்கு. மழையில நடந்துச்சே, பழுப்பு ஆடு, ஒத்தைக் கொம்பு. அதுவும் ஜும்கிக்கு. எம் பொண்ணு என்ன ஓட மாட்டாளா? ஓடுவா. ஆனா கடைசியில எவளாவது முதுகைத் தொட்டுடறா. ஒரே ஒரு தடவை ஈரல் எங்க வீட்டுக்கு வந்துச்சு. அன்னைக்கு ஜும்கிக்கு மஞ்சக்காமாலை."

"எல்லாப் போட்டியும் ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? அத்தனை தடவையும் அவங்க வீட்டுல ஈரல் வதங்கற வாசனை எங்க வீட்டு ஜன்னலுக்குத்தானே வந்துச்சு."

பிறகு அவள் ஒன்று விடாமல் சொன்னாள். ஊர், மாதம், எதிர் அணி, ஆட்டின் அங்க அடையாளம், கடைசியில் ஒரு தடவை தவிர மற்ற எல்லாத் தடவையும் ‘ஜும்கிக்கு’ என்று ஒரு பெருமூச்சு. ஜெபமாலை உருட்டுவதுபோல இருந்தது. சேவல் ஜெயித்த போட்டிகளையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "என்ன இருந்தாலும் அவளை அனுப்பிடுங்க. அவ போனாத்தான் எங்களுக்கு விடிவு," என்றாள்.

அண்ணாச்சி வெளியே வந்தார். முகம் அவியல் சாப்பிட்டு முடித்தவர் முகம்போல நிறைவாக இருந்தது.

"முடிஞ்சுது மேனேஜரம்மா."

"என்னங்க முடிஞ்சுது?"

"விசாரணை. பெருமைக்குப் பொய் சொல்லுதவங்களை ஆயிரம் பேரைப் பாத்தாச்சு. தன் பிள்ளைக்குக் கிடைக்கலைன்னு எந்தத் தாயாவது பொய் சொல்லுவாளா? இதுக்கு மேல எனக்கு ஒரு ஆதாரமும் வேண்டாம்." சொல்லிவிட்டுக் குரலைக் கடுமையாக்கினார். "ஆனா உங்க விண்ணப்பத்துல பெரிய தப்பு இருக்கு. ஒன்பதுன்னு போட்டிருக்கீங்க. அந்தம்மா சொன்னது பதினாலு. மத்தவங்களும் ஆளுக்கு ஒண்ணா அந்த அஞ்சையும் சொல்லியாச்சு. அது எங்க போச்சு?"

விஜயலக்ஷ்மி ஷிப்ராவைப் பார்த்தாள்.

"அதெல்லாம் சேவல் ஜெயிச்சது விஜயாதி," என்றாள் ஷிப்ரா. "சேவலுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க?"

விஜயலக்ஷ்மிக்குத் தலை சுற்றியது. பிறந்ததிலிருந்து எதையும் குறைத்துச் சொல்லாதவள். மாமியாரின் கோபத்தைக்கூடப் புயல் நம்பர் கொடுத்துத்தான் சொன்னவள். அவள் கையெழுத்துப் போட்ட தாளில் ஒன்பது என்று இருக்கிறது, உண்மை பதினாலாக எதிரில் நிற்கிறது. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்.

"இதை மன்றத்துல சொல்லிராதீங்க அண்ணாச்சி," என்று கெஞ்சினாள்.

அவர் சொன்னார். அடுத்த நாள் பவானிபூரில், குழு முழுக்கக் கூடியிருந்தபோது, சேவல்கள் உட்பட ஒன்று விடாமல் சொன்னார்.

செயலாளர் ரஞ்சன் இளைஞன், கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் விதிமுறையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். "ஆனா அங்கிள், ரூல்ல போட்டோன்னு க்ளியரா இருக்கே. அந்தப் பெரிய ஃபைல்காரங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"அந்த ஃபைல் நல்ல ஃபைல்தான்டே. ஒரு கோப்பைகூடப் பொய் இல்ல. ஆனா பிரிச்சுப் பாத்தியா? செஸ் இருக்கு, நீச்சல் இருக்கு, ஓவியம் இருக்கு, சமையல் போட்டிகூட இருக்கு. கோ-கோ ரெண்டே ரெண்டு. நாம நடத்துதது என்ன போட்டி?"

"சரி. ஹோகல்டாங்கா ஆதாரம்னு இந்தக் கட்டத்துல என்ன எழுதட்டும்?"

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார்.

"எழுதுடே. ‘நேரில் விசாரித்து உறுதி செய்யப்பட்டது. பரிசுப் பொருட்கள் முழுமையாகப் பயன்படுத்தப்பட்டுவிட்டன.’"

ஜாதவ்பூர் மைதானத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை விஜயலக்ஷ்மி சொல்லிக் கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆகவே சுருக்கமாக. ஜும்கி ஓடினாள். எதிர் அணியில் உட்கார்ந்திருந்த பெண்கள் ‘கோ’ என்று ஒருத்தி முதுகை ஒருத்தி தட்டி எழுந்து பாய்ந்துகொண்டே இருந்தார்கள். பாய்ந்த இடத்தில் அவள் இல்லை. கம்பத்தைச் சுற்றினாள், வரிசைக்கு நடுவே நூல்போல நுழைந்து போனாள். ஒரு பெண் அவள் பின்னலைப் பிடித்தே விட்டதாக நினைத்து விரல்களை விரித்துப் பார்த்தாள். கையில் காற்றுதான் இருந்தது. காலிறுதியில் தொடுபடவில்லை. அரையிறுதியில் தொடுபடவில்லை. இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் ஹோகல்டாங்கா தோற்றது, ஆனால் அதிலும் ஜும்கி தொடுபடவில்லை. மூன்று நடுவர்களுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது என்று விஜயலக்ஷ்மி சொல்கிறாள். அண்ணாச்சி இரண்டு பேர் என்கிறார்.

பரிசளிப்பு முடிந்ததும் பயிற்சியாளர் அம்மா கழுத்தில் விசிலோடு ஜும்கியிடம் வந்தார். விஜயலக்ஷ்மி பக்கத்தில் நின்றாள்.

"நல்லா ஓடினே. பார்த்துட்டுத் தகவல் அனுப்பறோம்."

"மேடம், எங்க ஊருக்குத் தகவல் வர்றதுக்குள்ள ரெண்டு வெள்ளம் வந்து போயிடும்," என்றாள் ஜும்கி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி. "எடுக்கறீங்களா இல்லையான்னு இப்பவே சொல்லிடுங்க. இல்லேன்னாலும் பரவாயில்ல. எனக்கு ரயிலைப் பிடிக்கணும்."

பயிற்சியாளர் அம்மாவிடம் இப்படி யாரும் இதுவரை பேசியிருக்க மாட்டார்கள். விசிலைக் கையில் எடுத்து உருட்டினார்.

"ஹாஸ்டல்ல வருஷக்கணக்கா இருக்கணும். அம்மா நினைப்பு வரும். அழுவியா?"

"அழுவேன். ஓடும்போது அழ மாட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். "பரீட்சை எழுதி முடிச்ச மறுநாளே பெட்டியோட வந்துடு. பேரை எழுதிக்கிட்டேன்."

விஜயலக்ஷ்மி அழுதுவிட்டாள். அண்ணாச்சி குல்லாயை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். ஜும்கிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "மாஷி, ரயில்," என்றாள்.

எல்லாரும் ஜாதவ்பூர் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். சாயங்கால கேனிங் லோக்கல் வந்து நின்றிருந்தது. பிளாட்பாரத்தில் தலைகள் எள் போட்டால் எண்ணெயாகும் நெருக்கத்தில் இருந்தன. மீன் கூடை, பூக்கட்டு, வீட்டு வேலை முடித்துத் திரும்பும் பெண்கள், எல்லாரும் ஒரே கதவில். விஜயலக்ஷ்மி ஸ்டேஷன் படிக்கட்டிலேயே நின்று பார்த்தாள். அந்தக் கூட்டத்துக்குள் ஜும்கி நுழைந்தாள். ஒரு தோள், ஒரு கூடை, ஒரு முழங்கை, எதுவும் அவள்மேல் படவில்லை. அடுத்த நிமிஷம் உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டி, கூட்டத்தில் மாட்டிக்கொண்டு முழித்த மற்ற எட்டுப் பேரையும், டுக்டுகியை முதலில், பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள்.